தராசைச் சோதிக்க ஐந்து ரூபாய்க் காசு: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டு டிஜிட்டல் தராசு நேற்றுப்போல் இன்றும் காட்டுகிறதா என்று பார்க்கக் காசு நன்றாக உதவும். தராசைத் திருத்தி அமைக்க அதே காசு உதவாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் காசை நம்பி ஏமாறுகிறார்கள்.

இங்கே சோதித்தவை இரண்டு தராசுகள். ஒன்று 10 கிலோ வரை நிறுக்கும், 1 கிராம் துல்லியமுள்ள பிளாஸ்டிக் சமையலறைத் தராசு. மற்றது 500 கிராம் வரை நிறுக்கும், 0.01 கிராம் துல்லியமுள்ள பாக்கெட் தராசு. குமரி மாவட்டத்து வீடுகளில் முதலாவது மாவுக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும், இரண்டாவது கிராம்பு, ஜாதிபத்திரி, நல்லமிளகு போன்றவற்றுக்கும் பயன்படுகிறது.

காசின் எடைக்கு வருவோம். 2011-இல் ரூபாய்ச் சின்னத்தோடு வந்த வரிசையில் ஒரு ரூபாய் 3.79 கிராம், இரண்டு ரூபாய் 4.85, ஐந்து ரூபாய் 6.00, பத்து ரூபாய் 7.71. தானியக்கதிர் போட்டு 2019-இல் அறிவிக்கப்பட்ட வரிசையில் எல்லாம் மாறிவிட்டன: ஒரு ரூபாய் 3.09, இரண்டு ரூபாய் 4.07, ஐந்து ரூபாய் 6.74, பத்து ரூபாய் 7.74, பன்னிரண்டு பக்கமுள்ள இருபது ரூபாய் 8.54. வடசேரிச் சந்தையில் மீதி வாங்கும் கைப்பிடிச் சில்லறையில் இரண்டு வரிசையும் கலந்தே வரும். 2011-க்கு முந்தைய, 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பழைய ஒரு ரூபாயும் இடையில் கிடக்கும். அதன் எடை 4.85 கிராம்; 2011 வரிசை இரண்டு ரூபாயின் எடையும் அகலமும் அதேதான். பத்து ஒரு ரூபாய்க் காசை எண்ணிப் போட்டுவிட்டு 30.9 வரவில்லையே என்று தராசைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு காசிலும் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

இவற்றில் எங்கள் தேர்வு 23 மில்லிமீட்டர் அகலமுள்ள, 6 கிராம் எடையுள்ள பொன்னிற ஐந்து ரூபாய். எண் முழுதாக இருப்பதால் கணக்கு மனதிலேயே முடியும். அடுக்கினால் சரியாமல் நிற்கும். காந்தத்தில் ஒட்டாது, எனவே எஃகுக் காசு எதுவும் கலந்திருந்தால் காந்தம் காட்டிக்கொடுத்துவிடும். 25 மில்லிமீட்டர் புதிய ஐந்து ரூபாய் கலந்திருந்தால் அடுக்கும்போதே விளிம்பு வெளியே நீட்டும். ஐம்பது காசு 300 கிராம், முதலீடு 250 ரூபாய். வேண்டாம் என்றால் கடையில் கொடுத்துவிடலாம். செலவைக் குறைக்க நினைத்தால் புதிய ஒரு ரூபாய் நூறு வாங்குங்கள்: நூறு ரூபாய்க்கு 309 கிராம்.

ஆனால் 300 என்பது காகிதக் கணக்கு. அச்சடிக்கும்போதே எடையில் சிறு கூடுதல் குறைவு அனுமதிக்கப்படுகிறது. அதற்கு மேல் புழக்கத்தில் தேய்மானம் வேறு. ஐம்பது காசு சேரும்போது கூடுதலும் குறைவும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுகட்டும். தேய்மானம் அப்படி ஈடாகாது, அது எப்போதும் குறைக்கும் பக்கமே இழுக்கும். அதனால் தேயாத காசாக, ஒரே ஆண்டுடையதாக, முடிந்தால் ஒரே நாணயச்சாலையின் அச்சாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்குக் கீழே வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, எதுவும் இல்லாவிட்டால் கொல்கத்தா.

பிறகு செய்ய வேண்டியதுதான் இந்த முறையின் உயிர். பொறுக்கிய காசை ஒரு டப்பாவில் போட்டுத் தெரிந்த நகைக்கடைக்குக் கொண்டுபோய், முத்திரை வைத்த தராசில் ஒரே ஒருமுறை நிறுத்து வாங்குங்கள். பத்துப் பத்தாக ஐந்து கட்டு, பின்பு மொத்தம். கிடைத்த எண்ணை டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள். அன்றிலிருந்து அது 300 கிராம் இல்லை, மூடியில் 299.1 என்றிருந்தால் 299.1. அந்தக் காசுகளைச் செலவழிக்கவும் கூடாது, வேறு காசு சேர்க்கவும் கூடாது. அரசு அறிவித்த எடை அவசரச் சோதனைக்குப் போதும்; மாதாமாதம் ஒப்பிட இந்தக் குறித்துவைத்த எடைதான் வேண்டும்.

சோதனைக்குத் தராசைக் கல் மேடையிலோ தரையிலோ வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், 0.01 கிராம் தராசுக்குக் காற்றே எடைதான். தராசை இயக்கி ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, ஐம்பது காசையும் நடுவில் வைத்து எடுத்து, இப்படி ஐந்து முறை. ஐந்து முறையும் ஒரே எண் வராவிட்டால் மேற்கொண்டு சோதிப்பதில் பொருளில்லை. முதலில் பேட்டரியை மாற்றுங்கள். தாறுமாறான எண்ணுக்கு இறங்கிப்போன பேட்டரிதான் பெரும்பாலும் காரணம்.

எண் நிலையாக வந்தால் அடுத்தது கூட்டல் சோதனை. இதற்குக் காசின் எடை தெரிந்திருக்கவே வேண்டாம். ஒரு கட்டைத் தனியாக நிறுங்கள், மற்றொரு கட்டைத் தனியாக நிறுங்கள், இரண்டையும் சேர்த்து நிறுங்கள். தனி எண்களின் கூட்டுத்தொகையும் சேர்த்த எண்ணும் பொருந்த வேண்டும். 1 கிராம் தராசில் ஒரு கிராம் விலகினால் பரவாயில்லை, முழு எண்ணாக்குவதில் வருவது அது. அதற்கு மேல் விலகினால் தராசின் உள்ளே எடையை உணரும் உலோகத் துண்டான லோட்செல் வளைந்திருக்கும். தராசின் மேல் குக்கரைத் தொப்பென்று வைக்கும் வீடுகளில் இது சகஜம்.

மூலைச் சோதனைக்கு எடை கூடுதலாக வேண்டும், தராசின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு. 10 கிலோ தராசுக்கு அவ்வளவு காசு சேர்க்க முடியாது. மூன்று கிலோ அரிசிப் பையை நடுவிலும் நான்கு மூலையிலும் மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே பை என்பதால் அதன் உண்மை எடை தெரியாவிட்டாலும் வித்தியாசம் தெரிந்துவிடும்.

பலரைக் குழப்பும் ஒரு விஷயம்: கிராம்பை ஒவ்வொன்றாகப் போடும்போது தராசு பூஜ்யத்திலேயே நிற்கும். பழுது இல்லை. பூஜ்யத்துக்கு அருகில் வரும் சிறு மாற்றங்களைத் தராசு தானாகவே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பத்துக் காசை முதலில் வைத்து, டேர் (எண்ணைப் பூஜ்யமாக்கும் பொத்தான்) அழுத்தாமல், எண்ணைக் குறித்துக்கொண்டு பிறகு கிராம்பைப் போட்டால் ஒவ்வொன்றும் கணக்கில் ஏறும்.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சேர்க்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசு அளப்பது பொருள் கீழே அழுத்தும் விசையை. அந்த விசை நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும். கன்னியாகுமரி 8 பாகை வடக்கில் இருக்கிறது, டெல்லி 28 பாகைக்கும் மேல். டெல்லியில் சரியாகத் திருத்திய தராசை நாகர்கோவிலில் வைத்தால் கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கிராம் குறைத்துக் காட்டும். 300 கிராம் காசுக்கு அது 0.3 கிராம், சமையலறைத் தராசில் தெரியாது, பாக்கெட் தராசில் 299.70 என்று தெரியும். அந்தக் குறைவு ஊரால் வந்ததா, காசால் வந்ததா என்று காசை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இங்கேயே முத்திரை வைத்த தராசில் நிறுத்து எழுதச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

காசுக்குப் பதில் தண்ணீரை வைத்துப் பார்ப்பவர்கள் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊரின் 30 டிகிரி வெப்பத்தில் அரை லிட்டர் தண்ணீர் தராசில் ஏறத்தாழ 497 கிராம்தான் காட்டும்.

பாக்கெட் தராசில் கேலிபரேஷன் பொத்தானை, அதாவது தராசைத் திருத்தி அமைக்கும் பொத்தானை, அழுத்தினால் சரியாக 100 அல்லது 200 கிராம் கேட்கும். காசைக் கூட்டி அதைச் சரிக்கட்டாதீர்கள். 99.2 கிராமை 100 என்று தராசுக்குச் சொல்லிக்கொடுத்தால், அதன் பிறகு 250 கிராம் நல்லமிளகை 252 என்று காட்டும். 250 என்று பார்த்துப் பொதி கட்டினால் வாங்குபவருக்கு 248 கிராம்தான் போகும். திருத்துவதற்கு எம்1 (M1) என்ற துல்லிய வகையைச் சேர்ந்த எடைக்கல் ஒன்று வாங்கிவிடுங்கள். 100 கிராம் கல்லில் அதற்கு அனுமதித்த பிழை 5 மில்லிகிராம்தான். விற்பனைக்கு நிறுப்பவர்களுக்கோ இந்தச் சோதனை எதுவும் போதாது. தொழிலாளர் துறையின் முத்திரை உள்ள தராசு வேண்டும், எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொருமுறை மறுமுத்திரையும் வேண்டும்.

பவன் கணக்கில் நகை நிறுக்கக் காசை ஒப்புவைப்பதும் வேண்டாம். ஒரு பவனான 8 கிராமில் 0.05 கிராம் பிழையும் பணம்தான்.

பழைய வைத்தியக் குறிப்புகளில் வரும் 'ஒரு ரூபாய் எடை'யை இன்றைய காசோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. அது 11.66 கிராம் எடையுள்ள பழைய வெள்ளி ரூபாய், அதாவது ஒரு தோலா. இன்றைய ஒரு ரூபாயை வைத்து மருந்து நிறுத்தால் கால் பங்குக்குச் சற்று மேல்தான் சேரும்.

பராமரிப்பு சுலபம். மீன்சந்தையில் புழங்கிய காசில் உப்பும் பிசுக்கும் இருக்கும், உண்டியல் காசில் குங்குமமும் எண்ணெயும். முதல்முறை நிறுப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரில் மெல்லிய பிரஷால் கழுவித் துடைத்துக் காயவையுங்கள். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளப்பு வரும், கூடவே உலோகமும் கொஞ்சம் போகும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் தராசையும் காசையும் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. உப்புக்காற்று முதலில் பேட்டரி முனையைத்தான் அரிக்கும். மாவு சிந்திய தராசுக்குள் சிற்றெறும்பு குடியேறினால் எண் துள்ளிக்கொண்டே இருக்கும். அடிமூடியைக் கழற்றி உலர்ந்த பிரஷால் தட்டிவிட்டு, மறுபடி காசை வைத்து மூடியில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.