14 வருடமாக என்னோடு இருக்கும் ஐபாட் டச்

காம்போதி ராகத்தில் ஒரு இடம். மேல் ஸட்ஜம் என்ற ஸ்வரத்தில் நின்றுவிட்டு, நிஷாதத்தைத் தொட்டும் தொடாமலும் தைவதத்துக்கு இறங்க வேண்டும். மொத்தமே அரை விநாடிதான். டீச்சர் பாடினால் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது, நான் பாடினால் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி இருக்கிறது. அந்த அரை விநாடியை ஒரு வாரத்தில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டதெல்லாம் 2011-ல் வாங்கிய ஒரு ஐபாட் டச்சில், ஆப்பிளின் தொடுதிரைப் பாட்டுப் பெட்டியில்.

நான்காம் தலைமுறை, 32 ஜிபி. இந்த மாடல் வெளிவந்தது 2010 செப்டம்பரில். நியூஜெர்சியில் இருந்த அத்தை பையன் ஊருக்கு வரும்போது வாங்கி வந்தான். கொடுக்கும்போதே, "இன்னும் ரெண்டு வருஷத்துல எல்லாம் போன்லயே வந்துடும்க்கா, இது எதுக்கு?" என்று கேட்டான். அவன் சொன்ன மாதிரியே எல்லாம் போனில் வந்தது. ஆனாலும் இன்றைக்குப் பாட்டுப் பயிற்சிக்கு உட்காரும்போது என் கை போவது இதைத் தேடித்தான். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதல் காரணம் விரல். இதன் திரை 3.5 அங்குலம், குறுக்கே ஐந்து சென்டிமீட்டர்கூட வராது. பாட்டு ஓடும்போது அட்டைப்படத்தை ஒரு தட்டுத் தட்டினால் மேலே நேரக்கோடு வரும். 22 நிமிட ஆலாபனை அந்தச் சின்னக் கோட்டுக்குள் அடங்கியிருக்கிறது. விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே அரை நிமிடம் தாவிவிடும், அதை வைத்துக்கொண்டு ஒரு சங்கதியை, அதாவது ஒரு சின்ன இசைத் திருப்பத்தை, பிடிக்க முடியாது. அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கோட்டில் இருக்கும் குண்டை விரலால் பிடித்துக்கொண்டு, விடாமல் விரலைக் கீழே இழுக்க வேண்டும். கோட்டை விட்டு விரல் விலக விலக, மேலே 'ஹாஃப் ஸ்பீட்', 'குவார்ட்டர் ஸ்பீட்', கடைசியில் 'ஃபைன்' என்று எழுத்து மாறும். திரையின் அடிப்பக்கத்தில் விரலை வைத்து இட வலமாக அசைத்தால் குண்டு நத்தை மாதிரி நகரும். நமக்கு வேண்டிய மூச்சு, வேண்டிய அசைவு எங்கே தொடங்குகிறதோ அங்கேயே போய் நிற்கலாம்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வாங்கி ஆறு மாதம் கழித்து, விரல் தற்செயலாகக் கீழே சரிந்தபோதுதான் தெரிந்தது. அன்றைக்கு இரவு தூங்கப் போகும்போது மணி இரண்டு. கேசட்டில் ரீவைண்ட் அழுத்தி, குத்துமதிப்பாக நிறுத்தி, தாண்டிப் போய்விட்டால் திரும்ப அழுத்திக் கற்றுக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

குறிப்பிட்ட இரண்டு இடங்களுக்கு நடுவே மட்டும் திரும்பத் திரும்ப ஓட வைக்கும் வசதி இதில் இல்லை. மொழி கற்பவர்களுக்கான சின்னச் சின்னப் பிளேயர்களில்கூட அது உண்டு. நான் செய்வது, கடினமான இடங்களைக் கணினியில் அடாசிட்டி மென்பொருளில் பத்துப் பத்து விநாடித் துண்டுகளாக வெட்டி, தனித்தனிப் பாட்டாக ஏற்றி, ஒரே பாட்டைத் திரும்ப ஓட்டும் பொத்தானைப் போட்டுவிடுவது. வேலை அதிகம்தான். ஆனால் வெட்டும்போதே பாதி பாடம் மனதில் ஏறிவிடுகிறது.

வகுப்பைப் பதிவு செய்வதும் இதில்தான். மைக் உள்ளேயே இருக்கிறது, வாய்ஸ் மெமோஸ் செயலியில் சிவப்புப் பொத்தானைத் தட்டிவிட்டு டீச்சரின் சுருதிப் பெட்டி பக்கத்தில் வைத்துவிடுவேன். போனையும் வைக்கலாம். வைத்தும் பார்த்தேன். நடுவில் ஒரு அழைப்பு வந்தது, பதிவு அறுந்தது, டீச்சர் பாடுவதை நிறுத்திவிட்டு, "பேசிட்டு வாம்மா, பரவாயில்லை" என்றார். அந்தச் சங்கதியை அவர் மறுபடி அதே மாதிரி பாடவில்லை. மனோதர்மத்தில், அதாவது அந்த நேரத்துக் கற்பனையில் பாடும்போது, ஒரு தடவை வருவது அப்படியே இன்னொரு தடவை வராது. அன்றையிலிருந்து வகுப்புக்குள் போன் வருவதில்லை.

இரண்டாவது காரணம் இதுதான். போன் மாதிரியே தொடுதிரை, போன் மாதிரியே செயலிகள், ஆனால் யாரும் கூப்பிட முடியாது. சிம் போட இடமே கிடையாது. வைஃபையையும் அணைத்துவிட்டால் பாட்டு மட்டும் மிஞ்சும். ராகம் தானம் பல்லவி என்ற நீண்ட உருப்படி ஒன்றை முக்கால் மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறபோது, நடுவில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்து 'டிங்' என்றால் பாட்டின் சத்தம் ஒரு நொடி அமுங்கி எழுந்திருக்கும். அந்த ஒரு நொடி போதும், கட்டிய கோட்டை சரிந்துவிடும். குறுந்தகட்டில் ராகம் ஒரு டிராக், தானம் ஒரு டிராக் என்று பிரித்திருப்பார்கள். இதில் ஒன்று முடிந்து அடுத்தது இடைவெளி விழாமல் தொடர்கிறது. சில மலிவான பிளேயர்களில் அங்கே ஒரு விக்கல் விழும். தம்புரா நாதம் அறுந்து மறுபடி ஒட்டுவது காதுக்குப் பெரிய கொடுமை.

மூன்றாவதாக ஒன்று சொல்ல வேண்டும். இது மற்றவர்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று தெரியவில்லை, எனக்கு இதுதான் முக்கியம்.

அப்பா ஆல் இந்தியா ரேடியோ கச்சேரிகளைக் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். ஒவ்வொரு கேசட் அட்டையிலும் ராகம், தாளம், பக்கவாத்தியம் எல்லாம் பச்சை மையில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில். 2012 கோடையில் அவற்றைக் கணினிக்கு மாற்ற ஆரம்பித்தேன். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர். 90 நிமிடக் கேசட் மாற 90 நிமிடம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. பிறகு ஐபாடுக்குப் பாட்டு ஏற்றும் ஐடியூன்ஸ் மென்பொருளில் ஒவ்வொன்றுக்கும் விவரம் தட்ட வேண்டும். 'கம்போஸர்' என்ற இடத்தில் பாட்டை இயற்றிய வாக்கேயக்காரர், 'ஜானர்' என்ற இடத்தில் ராகம் என்று வைத்துக்கொண்டேன். மேல்நாட்டு இசைக்காகப் போட்ட கட்டங்கள் நமக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்கவில்லை. 'ஜானர்' பட்டியலைத் திறந்தால் ஆனந்தபைரவியிலிருந்து ராகங்கள் வரிசையாக நிற்கும். தோடியைத் தட்டினால் வீட்டில் இருக்கும் தோடி அத்தனையும் வரும்.

அட்டைப்படமாக என்ன போடுவது? அப்பாவின் கேசட் அட்டைகளையே படம் எடுத்துப் போட்டேன். ஐபாடைப் பக்கவாட்டில் திருப்பினால் கவர் ஃப்ளோ வரும், ஆல்பங்கள் அலமாரியில் சாய்த்து வைத்த மாதிரி வரிசையாக நிற்கும், விரலால் தள்ளத் தள்ளப் புரளும். அப்பாவின் பச்சை எழுத்து ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்றுவிட்டுப் போகும். அப்பா ஒருமுறை இதை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒன்றையும் ஓட்டாமல் வெறுமனே தள்ளிக்கொண்டே இருந்தார்.

ஐபாடின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 7-ஆம் பதிப்பு வந்தபோது கவர் ஃப்ளோவை எடுத்துவிட்டார்கள். என்னுடையது 2014 பிப்ரவரியில் வந்த 6.1.6 பதிப்புடன் நின்றுவிட்டதால் அது தப்பித்தது. ஆனால் ஐஓஎஸ் 7-ல்தான் தமிழ் விசைப்பலகையும் வந்தது. அதனால் என் ஐபாட் தமிழை ஒழுங்காகக் காட்டும், தமிழில் தட்டித் தேட மட்டும் விடாது. இரண்டில் எதை எடுப்பாய் என்று கேட்டால் யோசிக்காமல் கவர் ஃப்ளோ என்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமரா பேருக்குத்தான், ஒரு மெகாபிக்சல்கூடக் கிடையாது. திரை நேராகப் பார்த்தால் அச்சடித்த மாதிரி கூர்மை, சாய்த்துப் பார்த்தால் நிறம் வெளுக்கும். எஃப்எம் ரேடியோ இல்லை. பழைய செயலிகள் பலவும் இன்று வேலை செய்வதில்லை, இணையதளங்கள் பாதிக்கு மேல் திறப்பதில்லை. பேருந்தில் போகும்போது, பழைய ஐபாட்களின் சுழல்வட்டத்தைப் போல் பார்க்காமலே பைக்குள் கைவிட்டு இயக்க முடியாது. பொத்தான் வைத்த இயர்போன் இருந்தால் ஒரு அமுக்கில் நிறுத்தலாம், இரண்டு அமுக்கில் அடுத்த பாட்டுக்குப் போகலாம், அவ்வளவுதான்.

ஒரு பெரிய இழப்பு என் கையாலேயே நடந்தது. அலுவலகக் கணினியில் சார்ஜ் போடச் செருகியபோது, இந்த ஐபாட் வேறொரு கணினியின் பாட்டு நூலகத்தோடு சேர்ந்தது, அழித்துவிட்டுப் புதிதாகச் சேர்க்கவா என்று ஐடியூன்ஸ் கேட்டது. அவசரத்தில் சரி என்று தட்டினேன். பாட்டெல்லாம் வீட்டில் இருந்ததால் திரும்ப வந்தது. ஆனால் எட்டு மாதமாக ஐபாடிலேயே போட்டு வைத்திருந்த பயிற்சிப் பட்டியல்கள், எந்த வர்ணத்துக்குப் பிறகு எது என்ற வரிசை, எல்லாம் போயிற்று. புதிதாக ஏதாவது பட்டியல் போட்டால் இப்போதெல்லாம் அன்றே வீட்டுக் கணினியோடு சேர்த்துவிடுகிறேன்.

பேட்டரி 2017-ல் தளர்ந்தது. புதிதில் பாட்டுக்கு 40 மணி நேரம் என்று சொன்னார்கள், அப்போது நாலு மணி நேரம் தாங்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். பேட்டரியைப் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டியிருக்கிறார்கள், அதை எடுக்க முன்பக்கக் கண்ணாடியைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அந்தத் தம்பி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பது மாதிரி ஓரமெல்லாம் சூடான காற்றை ஊதி, கிட்டார் வாசிக்கிற பிளாஸ்டிக் வில்லையை நுழைத்து, சுற்றி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "இதெல்லாம் இப்ப யாருமே கொண்டு வர்றதில்ல மேடம்" என்றார். இன்றுவரை அந்தப் பேட்டரிதான்.

இப்போது ஒன்று வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 2022 மே மாதத்தோடு ஐபாட் டச் விற்பனையை நிறுத்திவிட்டார்கள், பழையதுதான் கிடைக்கும். கிடைத்தால் 2019-ல் வந்த ஏழாம் தலைமுறையைப் பாருங்கள். 256 ஜிபி வரை உண்டு, இயர்போன் துளையும் இருக்கிறது, தமிழ் விசைப்பலகையும் இருக்கிறது. வாங்குமுன் மேசைமேல் படுக்கவைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கண்ணாடி ஒரு மூலையில் லேசாகத் தூக்கியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம், வேண்டாம். தரம் குறையாத ஃப்ளாக் ஒலிக்கோப்புகள் நிறைய வைத்திருப்பவர்களுக்கும், மெமரி கார்டு போட வேண்டும் என்பவர்களுக்கும் சோனி வாக்மேன் வரிசையின் தொடுதிரை மாடல்கள் பொருந்தும்.

என்னைக் கேட்டால், இது ஓடுகிறவரை வேறு வாங்கப் போவதில்லை. அகலமான பழைய 30 பின் கேபிள் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். அப்பாவின் கேசட்டில் இன்னும் 11 மாற்ற வேண்டியிருக்கிறது. 256 கேபிபிஎஸ் ஒலித்தரத்தில் மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 115 எம்பி, மொத்தம் 2 ஜிபிக்குள் முடிந்துவிடும். இதில் 6 ஜிபி காலியாக இருக்கிறது.