சொந்த போரா, ஊர்க் குளமா?

மானூர்ப் பக்கம் நிறைய பேர் கேட்கிறார்கள்: கையிலிருக்கிற காசில் சொந்தமாக போர் (ஆழ்துளைக் கிணறு) போடலாமா, குளம் தூர் வார ஊரோடு சேர்ந்து வரி கொடுக்கலாமா? அவரவர் லாபத்தைப் பார்த்தாலே பல நேரம் ஊருக்கும் நல்லது நடந்துவிடும் என்று 1776இல் பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் எழுதினார். கடைத்தெருவுக்கு அது சரி, நிலத்தடி நீருக்கு ஒத்துவராது.

செலவு
போர்: மொத்தமும் உங்கள் தலையில்.
குளம்: ஏக்கர் கணக்கில் பிரியும்.

சௌகரியம்
போர்: சுவிட்சைத் தட்டினால் தண்ணீர்.
குளம்: முறை வரும்வரை காத்திருக்கணும், நடு ராத்திரியில் மண்வெட்டியோடு மடையில் நிற்கணும்.

ஆயுள்
போர்: பக்கத்து வயல்காரர் இன்னும் ஆழமாக இறக்கினால் உங்கள் மோட்டார் காற்றைத்தான் இழுக்கும், அப்புறம் நீங்களும் இறக்கணும், அவரும் விடமாட்டார், கடைசியில் இரண்டு பேருக்கும் கடன்தான் மிச்சம்.
குளம்: பெருகினால் சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் ஊறும், போருக்கும் அதுதான் ஊற்று. விதியை ஊரே வகுத்து, மீறினால் அபராதமும் போட்டால் பொதுச்சொத்து நிலைக்கும் என்று காட்டியதற்குத்தான் 2009இல் எலினார் ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

குளத்துத் தண்ணீரே ஏறாத மேட்டுப் புன்செய் என்றால் போர் போடுங்கள். குளத்துத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டுக்குள் நெல்லோ வாழையோ வைப்பவர், தன் லாபத்தை மட்டுமே பார்த்தாலும் முதலில் குளத்து வரியைக் கட்டட்டும்.