மாடல் ராக்கெட் கிட்: பதினொரு மாதம் கழித்து

கோயம்புத்தூரில் இருக்கும் என்.சி.சி. காலத்து நண்பன் போன வாரம் போன் செய்தான். "அந்த ராக்கெட் கிட் எப்படிடா இருக்கு? பையனுக்கு வாங்கலாமா?" என்று கேட்டான். நல்லா இருக்கு என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் விமானப் பிரிவு கேடட்டுகள். பால்சா என்ற எடை குறைந்த மரத்தை பிளேடால் சீவி, மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒட்டி, அதை விறைப்பாக்கும் டோப் என்ற வார்னிஷ் பூசி கிளைடர் செய்த கைகள். இருபத்தாறு வருடம் கழித்து, அமெரிக்காவிலிருந்து வந்த மைத்துனர் இந்தக் கிட்டைக் கையில் கொடுத்தார். டப்பாவைத் திறந்ததும் அதே பால்சா வாசனை. 18 மி.மீ. மோட்டார், அதாவது மேலே தள்ளும் மருந்துக் குழாய், போடும் ராக்கெட். வாலில் மூன்று ஃபின், அதாவது பால்சாத் துடுப்புகள். மோட்டார் மட்டும் இல்லை. வெடிபொருள் என்பதால் அதை விமானத்தில் கொண்டுவர முடியாது. ஒட்டும் வேலை இரண்டு மாலையில் முடிந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு இன்னும் ஆறாத கோபம் ஃபினிஷிங்கில்தான். குறிப்புத்தாளில் அதற்கு ஒரே வரி: தேய்த்து, சீல் செய்து, பெயின்ட் அடிக்கவும். அந்த ஒரு வரி என்னிடம் ஐந்து வாரத்தை வாங்கிக்கொண்டது. பால்சா கைக்கு வழவழப்பாகத்தான் இருக்கும். பெயின்ட் பட்டதும் உறிஞ்சிக்கொண்டு ரேகை ரேகையாக எழும்பி நிற்கும். ஒட்டுவதற்கு முன்பே அடைத்துவிடலாம் என்று ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து ஒரு ஃபினுக்கு ஒரு பக்கம் மட்டும் பூசினேன். காலையில் அது அப்பளமாக வளைந்திருந்தது. மறுபக்கமும் பூசி, இரண்டு நாள் அகராதிக்கு அடியில் வைத்த பிறகுதான் நிமிர்ந்தது.

அப்புறம் பெங்களூர் அல்சூரில் ஒரு பெயின்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் தமிழர். "என்ன வேலை சார், கதவா கட்டிலா?" என்றார். பையிலிருந்து ஃபினை எடுத்துக் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு பட்டி வேணாம், பாரம். சாண்டிங் சீலர் ரெண்டு கோட், நடுவுல 320 உப்புத்தாள்" என்றார். மரத்தின் துளைகளை அடைக்கும் பூச்சுதான் சாண்டிங் சீலர். ரெண்டு கோட் என்றவர் பேச்சைக் கேட்டிருக்கலாம். நான் ஐந்து கோட் அடித்தேன். காகிதக் குழாயின் சுருள் பள்ளத்துக்குப் பட்டியை நகத்தால் வழித்து அடைத்தேன். ப்ரைமர், 400 உப்புத்தாளில் ஈரத் தேய்ப்பு, வெள்ளை, மேலே சிவப்பு. கடைசி கிளியர் கோட்டை ஆகஸ்டில் மழை விட்ட ஒரு சாயங்காலம் அடித்தேன். காற்றில் இருந்த ஈரம் பட்டு அது பால் போலப் பூத்துவிட்டது. தேய்த்து எடுத்து, வெயில் வந்த ஒரு காலையில் மறுபடி அடித்தேன். ஆனால் முடித்த அன்று குழாயில் ட்யூப்லைட் கோணாமல் நேர்கோடாகத் தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

போன மாதம் ராக்கெட் பீரோ மேலிருந்து விழுந்து ஒரு ஃபின் முறிந்தது. ஒட்டு விடவில்லை, கட்டைதான் கிழிந்தது. முறிந்த விளிம்பைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நடுவில் மெல்லிய பால்சா. இரண்டு பக்கமும் சீலர், சாம்பல் நிற ப்ரைமர், வெள்ளை, சிவப்பு என்று அடுக்கடுக்காக. தராசில் வைத்தேன். 35 கிராம் இருக்க வேண்டியது 47 காட்டியது. ஏறியதில் பெரும்பங்கு வாலில்.

அழகு குறைந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இது அப்படியல்ல. ராக்கெட்டின் எடை மையம், காற்று அழுத்தும் மையத்துக்கு (பக்கவாட்டுக் காற்றின் விசை மொத்தமும் ஒன்றுசேரும் புள்ளிக்கு) முன்னால், மூக்குப் பக்கமாக, குறைந்தது குழாயின் ஒரு விட்டம் அளவாவது இருக்க வேண்டும். வால் கனத்தால் எடை மையம் பின்னால் நகரும். ராக்கெட் நேரே போகாமல் சுழலும். ஃபினை ஒட்டிக் காயவிட்டு, மோட்டாருக்குப் பதில் 20 கிராம் நட்டு-போல்ட்டைக் காகிதத்தில் சுருட்டிச் செருகினேன். நேராகப் பறக்குமா என்று பார்க்க, எடை மையத்தில் நூலைக் கட்டி மொட்டை மாடியில் தலைக்கு மேல் சுழற்றினேன். குறுக்காகவே சுற்றியது. மூக்குக் கூம்புக்குள் களிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து, நூலை ஒவ்வொரு முறையும் நகர்த்திக் கட்டினேன். ஆறு கிராமில், இரண்டாவது சுற்றிலேயே மூக்கு சட்டென்று முன்னால் திரும்பி அப்படியே நின்றது. வெறும் நூலில் கட்டிய காகிதக் குழாய், போகும் திசையை அதுவாகக் கண்டுபிடித்துக்கொண்டது. கை வலிக்கும் வரை சுற்றினேன்.

ஃபினிஷிங் பற்றி எழுதியவர்கள் "பெயின்ட்டும் பாரம்தான்" என்று இன்னொரு வரி எழுதியிருந்தால் எனக்கு ஐந்து வாரமும் ஒரு ஃபினும் மிச்சம். அதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. பையனுக்கு வாங்காதே, முதல் ஃபின் வளைந்ததும் தூக்கிப் போட்டுவிடுவான்.

எனக்கு இன்னொன்று மைத்துனரிடம் சொல்லிவிட்டேன், டிசம்பரில் வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி வா. ஃபின் மூன்று இருக்கிறது, ஆளுக்கு ஒன்று தேய்க்கலாம். சீலர் ரெண்டே கோட்.