மாராவா, செரங்கெட்டியா, க்ரூகரா: காரைக்குடியிலிருந்து ஒரு கணக்கு

எங்கள் பக்கம் கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதைக் 'கொண்டுவிக்கப் போவது' என்பார்கள். ஐயா, அதாவது என் தாத்தா, அப்படித்தான் ரங்கூன் போனார்கள். அவர்களின் தகரப் பெட்டி இன்னும் வீட்டில் இரண்டாங்கட்டில் கிடக்கிறது. நான் போனது கொண்டுவிக்க அல்ல, இருப்பதைச் செலவழிக்க. முதலில் கென்யா, அப்புறம் இரண்டு வருடம் கழித்துத் தென்னாப்பிரிக்கா. இடையில் தம்பி தான்சானியா போய்வந்தான். அதிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலை போடுவதற்குள் யாராவது கேட்டுவிடுகிறார்கள்: "சஃபாரிக்கு எது நல்லது?"

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகளுக்கு எப்போது லீவு?

கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரங்கெட்டியும் ஒட்டிக் கிடக்கும் ஒரே புல்வெளி. எல்லைக்கோடு மனிதர்களுக்கு மட்டும். மாரா சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். செரங்கெட்டி 14,700க்கு மேல், நம் சிவகங்கை மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். பத்து லட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்ட்கள் (மாட்டுச் சாயல் கொண்ட மான்கள்) மழையையும் புல்லையும் தேடி இதற்குள் வட்டமடிக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே ந்டூட்டு பக்கம் குட்டி போடும். ஜூலைக்கு மேல் மாரா ஆற்றைக் கடக்கும். ஏப்ரல், மே? இரண்டு நாட்டிலும் பெருமழைக் காலம். சேற்றில் வண்டி புதையும், பல முகாம்களை மூடியே விடுவார்கள். 'மே மாதம் பாதி விலை' என்று ஏஜென்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் காரணம் இதுதான்.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் காட்டில் கதை தலைகீழ். அங்கே மழை கோடையில், அதாவது நமக்குக் குளிர் அடிக்கும் மாதங்களில். மே மாதம் வறட்சி தொடங்கும். ஆகஸ்ட், செப்டம்பருக்குள் புதர் காய்ந்து, மிருகங்கள் தண்ணீர் இருக்கும் இடத்துக்கே வந்துவிடும். முழுப்பரீட்சை லீவை விட்டால் வேறு வழியில்லை என்பவர்கள் க்ரூகருக்குப் போகலாம். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மே மாதத்தில் புல் இன்னும் உயரமாகத்தான் நிற்கும். மூன்று நாளில் எங்களுக்கு ஒரு சிறுத்தைகூடக் கண்ணில் படவில்லை. மாராவில் முதல் நாளே இரண்டு சிவிங்கிப்புலிகள்.

அந்த மாராவிலும் ஆறு கடக்கும் காட்சி சும்மா கிடைத்துவிடாது. கரையில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் மாடு அவிழ்க்கக் காத்திருக்கும் கூட்டம் போல வரிசையாக வண்டிகள். மந்தை விளிம்பு வரை வந்தது, முன்னால் நின்றது தண்ணீரை மோந்தது, அப்படியே மொத்தமும் திரும்பிப் போய்விட்டது. மறுநாள்தான் கடந்தது, அதுவும் பத்தே நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடாகக் க்ரூகரில் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் விலை இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு மாரா நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் 200 டாலர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரைதான் ஒரு நாள் கணக்கு. முகாமும் வண்டியும் தனி. நாங்கள் பேசியது லேண்ட் க்ரூசர், வந்து நின்றது வேன். அந்த ஏஜென்சியோடு நைரோபியில் பாதி நாள் வாக்குவாதம். க்ரூகரின் ஒரு நாள் கட்டணம் 100 டாலரில் பாதிகூட இல்லை. வாடகைக் கார் எடுத்து நாமே ஓட்டலாம். நம்மைப் போல இடது பக்கப் போக்குவரத்துதான். தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம். குறித்த இடம் தவிர வேறெங்கும் காரைவிட்டு இறங்கக் கூடாது. மே மாதத்தில் மாலை ஐந்தரைக்கே கேட்டை மூடிவிடுவார்கள், பிந்தினால் அபராதம்.

நாமே ஓட்டுவதில் காசு மிச்சம் என்பதைவிடப் பெரிய விஷயம், யானைக் கூட்டத்துக்கு முன்னால் எவ்வளவு நேரம் நிற்பது என்பதை நாமே முடிவு செய்கிறோம் என்பது. மாராவில் வயர்லெஸ்ஸில் சிங்கம் என்று சேதி வந்தால் டிரைவர் பறந்துவிடுவார். அப்பச்சி, அதாவது என் அப்பா, ரசித்துக்கொண்டிருந்த ஒட்டகச்சிவிங்கி பின்னால் போய்விடும். ஆனால் நாமே ஓட்டும் மூடிய கார் தாழ்வாக இருக்கும், கூரையைத் தூக்கி நின்று பார்க்கும் சுகம் கிடையாது. சரி, அது இழப்புதான்.

ஆத்தாவுக்கு, அதாவது என் அம்மாவுக்கு, முக்கியம் சிங்கம் அல்ல, கழிப்பறை. க்ரூகரின் வேலி போட்ட முகாம்களிலும் நடுவில் உள்ள ஓய்விடங்களிலும் அது இருக்கிறது. ஸ்குகுசா, லோயர் சாபி போன்ற முகாம்களில் சமையல் வசதியோடு குடில்கள் கிடைக்கும். அரிசியும் கடையில் கிடைத்தது. ஆத்தா வத்தக்குழம்பு வைத்தார்கள். வெர்வெட் குரங்குகள் தேன்குழல் டின்னைக் குறிவைத்தன. நம்மூர்க் குரங்குக்கு அவை சளைத்தவை அல்ல.

பலகாரம் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை. சீப்புச் சீடையை எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

தான்சானியாவுக்கு இரண்டு பத்தி எழுத எனக்கு உரிமை இல்லை. தம்பி சொன்னது: ங்கொரொங்கோரோ ஒன்றுக்காகவே போகலாம். 600 மீட்டர் ஆழத்தில் சுமார் 260 சதுர கிலோமீட்டர் எரிமலைப் பள்ளம், உள்ளே காண்டாமிருகம் உண்டு, ஒட்டகச்சிவிங்கி கிடையாது. ஆனால் நாள் முழுக்க வண்டியில் குலுங்க வேண்டும். முட்டி வலிக்காரருக்கு வேண்டாம்.

காட்சிப் பயணம் மட்டும் என்றால் நான் கென்யா பக்கம். மொம்பாசாவிலிருந்து நைரோபி போகும் மடராகா எக்ஸ்பிரஸ் சாவோ காட்டின் ஊடாகப் போகிறது. செம்மண் பூசிய யானைகளை ஜன்னலிலிருந்தே பார்த்தோம். தென்னாப்பிரிக்காவின் ப்ளைட் ஆற்றுப் பள்ளத்தாக்கும் அழகுதான், ஆனால் நாங்கள் போன அன்று பனி மூடிவிட்டது.

அப்பச்சியைப் பொறுத்தவரை முடிவு செய்தது மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா போய்த் திரும்ப அந்தச் சான்றிதழ் வேண்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற அங்கீகாரம் பெற்ற இடங்களில் மட்டும், பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு டாக்டர் யோசித்துத்தான் போடுவார். முதல் பயணத்தில் அப்பச்சிக்கு ஐம்பத்தொன்பது, சிக்கல் இல்லை. இனிமேல் அப்படி இல்லை. இந்தியாவிலிருந்து நேராகத் தென்னாப்பிரிக்கா போனால் அந்த ஊசி கேட்பதில்லை. ஆனால் விசாவுக்குப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் வரை கேட்பார்கள். கென்யாவின் அனுமதி ஆன்லைனிலேயே முடிந்துவிடும்.

வரும் காலாண்டு லீவில் பிள்ளைகளோடு மறுபடி மாரா, 200 டாலர் காலத்தில். ஆத்தாவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"சமையக்கட்டு இருந்துச்சே, அந்த ஊருக்குப் போகும்போது சொல்லு" என்றார்கள்.