பியூல் பப்பா, ஏரோன்கா சி-2வா?

1930களின் ஒற்றை இருக்கை அமெரிக்க விமானம் ஒன்றைச் சிறு மாதிரியாகச் செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் பியூல் நிறுவனத்தின் பப், ஏரோன்கா நிறுவனத்தின் சி-2 ஆகிய இந்த இரண்டில்தான் தடுமாறுகிறார்கள்.

விலை: பப் சுமார் 1,250 டாலர். சி-2 முதலில் அதைவிடக் கூடுதல். பிறகு இறங்கியது. பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் இரண்டுமே சாமானியனுக்கு எட்டாத தொகைதான்.

உடல்: பப்புக்கு உலோகக் கூடு. சி-2 எஃகுக் குழாய்ச் சட்டத்தில் துணி போர்த்தியது. தொப்பையான வடிவத்தால் 'பறக்கும் குளியல் தொட்டி' என்று பெயர் வாங்கியது.

எஞ்சின்: சி-2வுக்கு இரண்டு சிலிண்டர், 26 குதிரைத்திறன். பப்பின் மூன்று சிலிண்டர் செக்கலி எஞ்சின் 45 தந்தது. ஆனால் அதன் சிலிண்டர்கள் கழன்று பறக்கும் என்ற பயத்தில் மூன்றின் தலையையும் சுற்றி இரும்புக் கம்பி கட்டினார்கள்! பறக்கும்போது அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க எனக்குத் துணிவு வராது.

நிறுவனம்: மிச்சிகனின் மேரிஸ்வில்லில் இருந்த பியூல் 1925இல் தொடங்கி 1932இல் மூடப்பட்டது. நிற்காமல் அமெரிக்காவைக் குறுக்கே போய்த் திரும்பிய 'ஸ்போகேன் சன் காட்' விமானம் (1929) அவர்கள் கட்டியதே. அந்தப் புகழும் மந்தத்தின்முன் செல்லவில்லை. பப் நூறு மட்டுமே கட்டப்பட்டது. ஏரோன்கா நிறுவனமோ சி-3 என்ற இரட்டை இருக்கை விமானத்தோடு தாக்குப்பிடித்து, 1951 வரை விமானம் செய்தது.

முதல் மாதிரி என்றால் சி-2; துணியும் சட்டமும் கைக்கு அடங்கும். உலோகத் தகடு வளைக்கப் பழகியவர்கள் பப்பை எடுக்கலாம், கம்பியை மறக்காமல்.