கைக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கினால்: பலூனா, பைபாஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் மாமா செம்பனைக் குலை வெட்டுபவர். அரிவாள் கட்டிய நீளக் கம்பை அண்ணாந்து தூக்கினால் இடது கை கடுக்கும், அப்புறம் தலை சுற்றும். வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டோம். கிளினிக்கில் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: வலதில் 150, இடதில் 112. காரை எலும்புக்கு அடியில் ஓடும் தமனி சுருங்கியிருந்தது. கை உழைக்கும்போது, மூளைக்குப் போக வேண்டிய ரத்தத்தைக் கழுத்து வழியாகத் திருடிக்கொள்கிறது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழி: பலூன், பைபாஸ். பலூன் என்றால் பெரும்பாலும் முழு மயக்கம் வேண்டாம். தொடையிலோ கையிலோ குத்தி மெல்லிய கம்பியை விட்டு, சுருங்கிய இடத்தில் பலூனை ஊதி விரிப்பார்கள். வழக்கமாகக் குழாயைத் தாங்கிப் பிடிக்க ஸ்டென்ட் என்ற வலைக்குழாயும் வைப்பார்கள். பலூன், 1977-இல் சூரிக்கில் டாக்டர் குருன்ட்சிக் இதயத் தமனியில் செய்துகாட்டிய அதே வித்தைதான். ஓரிரு நாளில் வீடு. ஆனால் குழாய் மறுபடி சுருங்கலாம்; முழுசாக அடைத்திருந்தால் கம்பி நுழைவதே பெரும்பாடு.

பைபாஸில் காரை எலும்புக்கு மேலே கீறி, கழுத்துத் தமனியிலிருந்து, அடைப்பைத் தாண்டிக் கைக்குப் போகும் தமனிக்குச் செயற்கைக் குழாயால் இணைப்பு கொடுப்பார்கள். முழு மயக்கம், தையல், அதிக நாள் ஓய்வு. பல வருஷம் தாங்கும்.

பக்கவாத ஆபத்து இரண்டிலும் கொஞ்சம் உண்டு. மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, குழாயும் முழுசாக அடைக்கவில்லை. நான் முதலில் பலூன் பக்கம்தான். பைபாஸ் எங்கேயும் ஓடிவிடாது. மாமா டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “எதுல சிகரெட்டை விட வேணாம்?”