பத்து கோர் என்று சொல்லி விற்பார்கள், எந்த கோர் என்று கேளுங்கள்

லேப்டாப் கடையில் கோர் (சிப்புக்குள் வேலையைச் செய்யும் பகுதி) எண்ணிக்கையை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

தங்கை ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். வீ-ரே மென்பொருளில் ரெண்டர் போடத்தான், அதாவது கட்டட மாடலை நிஜம் போன்ற படமாக மாற்றத்தான் லேப்டாப் என்று கடையில் தெளிவாகவே சொன்னோம். அவள் பார்த்து வைத்திருந்தது இன்டெல் ஐ5-12450எச் சிப் உள்ள மாடல். விற்பனையாளர் அதை ஓரமாக வைத்துவிட்டு, விலை கூடுதலான ஐ7-1255யூ மாடலை எடுத்து வந்தார். "இது ஐ7ம்மா, பத்து கோர். அதுல வெறும் எட்டுதான்." நம்பி வாங்கிவிட்டோம்.

அந்தப் பத்தில் வேகமான பி-கோர் இரண்டே இரண்டு. மீதி எட்டும் மின்சாரம் குறைவாக எடுக்கும் சிறிய இ-கோர்கள். அவர் மட்டம் தட்டிய எட்டிலோ பி-கோர் நான்கு, இ-கோர் நான்கு. அதோடு மாடல் எண் யூ என்று முடியும் இந்த வகையின் அடிப்படை மின்திறன் 15 வாட், எச் என்று முடியும் அந்த வகைக்கு 45 வாட். அதனால் இப்போது ரெண்டர் முதலில் வேகமாகப் போகிறது, கொஞ்ச நேரத்தில் தவழ ஆரம்பிக்கிறது. அவள் தோழியின் 12450எச்-சில் அதே ஃபைல் எவ்வளவோ சீக்கிரம் முடிகிறது.

திருப்பிக் கொடுக்கப் போனால், "பத்து கோர்னு சொன்னோம், பத்து இருக்குல்ல? பெட்டி பிரிச்சாச்சு, மாத்த முடியாது" என்கிறார்கள். என்ன வேலைக்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு மாணவியிடம் இப்படி விற்றதுதான் எனக்கு ஆறவில்லை.

1255யூ மோசமான சிப் இல்லை. பிரவுசர், வேர்டு, ஆன்லைன் வகுப்புக்கு அது தாராளம். ரெண்டர், வீடியோ எடிட்டிங் என்றால்தான் இடிக்கும். இன்னொன்று, ஐ3-என்305 என்று ஒரு சிப் வருகிறது. அதுவும் "எட்டு கோர்"தான், ஆனால் எட்டுமே இ-கோர்!

கடையிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே லாஜிக்கல் ப்ராசஸர் கணக்கில் ஒரு பி-கோர் இரண்டாகவும் ஒரு இ-கோர் ஒன்றாகவும் எண்ணப்படும், அதனால் லாஜிக்கல் ப்ராசஸர் எண்ணிக்கையிலிருந்து கோர் எண்ணிக்கையைக் கழித்தால் பி-கோர் எத்தனை என்று வந்துவிடும். 1255யூவில் 12-இல் 10 போனால் 2. இன்டெல் 12, 13-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்களுக்கு இந்தக் கணக்கு சரியாக வரும். கோர் அல்ட்ரா 200 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு வராது, அதற்கு இன்டெல் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

பில்லில் சிப்பின் முழு மாடல் எண்ணையும் எழுதி வாங்குங்கள். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம்.